"எனக்கு ஒன்றும் ஆகாது" என்று நினைத்த பிறகு விழுந்தவர்களுக்கு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் சேகரத்தில் (ஒரே குருவானவரின் கீழ் இருக்கிற சபைகள்) வாலிபர் ஐக்கியத்தையும் ஆண்கள் ஐக்கியத்தையும் கவனிக்க ஆரம்பித்து 14 வருஷம் ஆகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வருகிற போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "அண்ணே, திரும்பவும் விழுந்துட்டேன்." குடி, போனில் ஆபாசம், ரம்மி, கல்யாணமானவர் இன்னொருவரோடு மெசேஜ், சபைப் பணம் என்று விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் போன வாரம் என்ன நடந்தது, அதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனால், எங்கேயாவது ஓர் இடத்தில் "எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்ற பேச்சு வந்துவிடும். விழுந்தது அன்றைக்கு ராத்திரிதான், ஆனால் வழுக்க ஆரம்பித்தது அந்தப் பேச்சில்.

திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே காரியங்களைச் செய்யச் சொல்லி வருவதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன். பாவம் எங்கிருந்து வந்தது என்ற உபதேசத்துக்குள் போகவில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காரணங்களை லேசானதில் தொடங்கி, சரிசெய்யச் செலவும் வலியும் அதிகமாகிற வரிசையில் எழுதியிருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள். எடுத்தவுடன் 21 நாள் உபவாசம் என்று இறங்கிவிடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் காரணம் தலையணைப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிற போனாக இருக்கும்.

இந்த நிமிஷமே சோதனையில் இருக்கிறீர்களா? மீதியை அப்புறம் படியுங்கள்

எழுந்து அந்த இடத்தை விட்டு வெளியே போங்கள். ஜெபம் நடந்துகொண்டே பண்ணலாம்.

ஆதியாகமம் 39இல் யோசேப்பு போத்திபாரின் மனைவிக்கு முன்பே பலமுறை பதில் சொல்லியிருந்தான், நல்ல பதில்தான், "இத்தனை பெரிய பொல்லாங்குக்கு உடன்பட்டு தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி" என்று கேட்டவன். ஆனால் வீட்டில் யாரும் இல்லாத அன்றைக்கு, அவள் வஸ்திரத்தைப் பிடித்தபோது, அவன் அங்கே நின்று அதே பதிலைத் திரும்பச் சொல்லவில்லை. வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். அந்த வஸ்திரமே அவனுக்கு எதிராகச் சாட்சியாகி அவனைச் சிறைக்குக் கொண்டுபோனது என்பதையும் மறக்காதீர்கள். ஓடுவதற்கு விலை உண்டு. பாதிப் பேச்சில் எழுந்து வந்தால் மரியாதை குறையும், நண்பன் கோபிப்பான், பஸ்ஸுக்கு இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டி வரும். கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெளியே வந்ததும் ஒருவருக்குப் போன் போடுங்கள். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று ஆரம்பிக்காமல், "நான் இப்போ இன்ன இடத்தில் இருக்கேன், இன்னதைச் செய்யப் போனேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப் போன் போட ஒருவர்கூட இல்லை என்றால், நாளைக்கு நீங்கள் சரிசெய்ய வேண்டிய முதல் பழுது அதுதான்.

அறிகுறி: கன்வென்ஷனில் அழுது ஒப்புக்கொடுத்தேன், ஒரு வாரத்துக்குள் பழையபடி ஆகிவிட்டேன்

*முதலில் தூக்கத்தைப் பாருங்கள்.* மூன்று நாள் கூட்டம், முடிய ராத்திரி பத்து, வீடு வந்து சேரப் பதினொன்றரை, காலையில் ஆறு மணிக்கு வேலை. நான்காம் நாள் உடம்பு துவண்டுபோயிருக்கும், மனசு மட்டும் உச்சத்தில் இருக்கும். தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் ஜெயித்து நின்றதற்கும், சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்றதற்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது என்று 1 இராஜாக்கள் 18, 19ஐச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதனால் கூட்டம் முடிந்த வாரம் புதிதாக எந்தத் தீர்மானமும் வேண்டாம். ஒன்பதரைக்குப் படுத்துவிடுங்கள்.

*தூங்கியும் அப்படியே இருக்கிறதா? வீட்டைப் பாருங்கள்.* எதை விட்டேன் என்று சாட்சி சொன்னீர்களோ அதற்குப் போகிற வழி இன்னும் திறந்து இருக்கிறதா? அந்த நம்பர், அந்த ஆப், பீரோவின் மேல்தட்டில் இருக்கிற பாட்டில், அந்த நண்பர்கள் குழு. லூக்கா 11இல் பெருக்கி ஜோடித்த வீட்டுக்கு அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத வேறு ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. பெருக்கியதில் குறை ஒன்றும் இல்லை. உள்ளே யாரும் குடியிருக்கவில்லை, அதுதான் குறை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு முன்பு எதைச் செய்துகொண்டிருந்தீர்கள், இப்போது அந்த நேரத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். "ஜெபிப்பேன்" என்று எழுதினால் எந்த அறையில், யாரோடு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

*அதுவும் சரியாக இருக்கிறது என்றால், ஆயி பட்டணத்தில் நடந்ததைப் பாருங்கள்.* யோசுவா 7ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பயம் தருகிற அதிகாரம். எரிகோவைச் சுற்றி 7 நாள் நடந்து, கர்த்தர் சொன்னதைச் சொன்னபடி செய்து, மதில் விழுந்து ஜெயித்தவர்கள், அடுத்த ஊராகிய ஆயியைப் பார்த்துவிட்டு வந்து "அவர்கள் கொஞ்சம் பேர்தான், இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போதும், எல்லாரும் வர வேண்டியதில்லை" என்றார்கள். கர்த்தரிடம் கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை. ஏறக்குறைய 3000 பேர் போய் முதுகைக் காட்டி ஓடிவந்தார்கள், 36 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவனாகிய ஆகான் எரிகோவில் எடுத்து ஒளித்த பொருள் கூடாரத்துக்குள் மண்ணுக்கடியில் கிடந்தது, அதுதான் மூலக் காரணம் என்று வேதமே சொல்கிறது. போவதற்கு முன்பே யாராவது கேட்டிருந்தால் அது முன்பே வெளியே வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். கேட்கவிடாமல் செய்தது எரிகோவின் ஜெயம்.

ஆகவே பரிசோதனை இதுதான்: பெரிய சோதனையை ஜெயித்தபோது செய்த காரியங்களை, அதாவது காலை ஜெபம், ஒருவரிடம் கணக்கு ஒப்புவித்தது, சில இடங்களுக்குப் போகாதது எல்லாவற்றையும், சின்னச் சோதனைக்கும் செய்கிறீர்களா? அல்லது "இதுக்கெல்லாம் அது எதுக்கு" என்று விட்டுவிட்டீர்களா?

*எப்போது வேறு ஒருவரிடம் போக வேண்டும்:* தொடர்ந்து மூன்று கூட்டத்தில் ஒப்புக்கொடுக்க முன்னே போய் நின்று, மூன்று தடவையும் ஒரு மாதத்துக்குள் திரும்பியிருந்தால், நான்காவது தடவை முன்னே போக வேண்டாம். குருவானவரிடமோ பாஸ்டரிடமோ முன்கூட்டியே நேரம் கேட்டு, அவர் வீட்டில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து, மூடி வைத்திருப்பதைப் பெயர் சொல்லிப் பேசுங்கள்.

அறிகுறி: பகலில் ஒன்றும் இல்லை, ராத்திரி மட்டும்தான் விழுகிறேன்

பெரும்பாலும் போன். வாலிபர்கள்தான் என்று நினைக்காதீர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்களும் இதற்காக என்னிடம் பேசியிருக்கிறார்கள்.

போனைப் படுக்கிற அறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். கடையில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியத்தை இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு வா என்று அனுப்பியவர்களில் ஒரு பங்கு பேர் திரும்ப வந்து அடுத்த கேள்வியே கேட்கவில்லை.

*இரண்டு வாரமாக வெளியே வைத்தும் எழுந்து போய் எடுக்கிறீர்களா?* அப்படியானால் ஒரு நோட்டில் மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள்: நேரம், அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் நடந்தது, அப்போது மனசில் இருந்தது. பத்து நாளில் ஓர் ஒழுங்கு தெரியும். ஒரு தம்பிக்கு அது அப்பாவோடு போனில் பேசிய நாட்களாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேலை கிடைக்காததைப் பற்றிய பேச்சு, அப்புறம் தூக்கம் வராது, அப்புறம் போன். அவன் இரண்டு வருஷமாக இச்சைக்கு எதிராக உபவாசம் இருந்துகொண்டிருந்தான், அவன் பேச வேண்டியிருந்தது அப்பாவிடம்.

*ஒழுங்கு ஒன்றும் தெரியவில்லை, சும்மா இருந்தாலே கை போகிறது என்றால்,* உங்களைத் தவிர இன்னொருவருக்கு அது தெரிய வேண்டும். யாக்கோபு 5:16 குற்றங்களை "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடச் சொல்கிறது. உங்கள் வயதுக்கு மேற்பட்ட, உங்கள் பாலினத்தைச் சேர்ந்த, வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்த ஒருவர் போதும். கல்யாணமானவர்கள் மனைவியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் குற்ற உணர்ச்சியில் கொட்டிவிட்டு, உங்கள் பாரத்தை இறக்கி அவர்கள் தலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். முதலில் அந்த மூத்தவரோடு பேசி, எப்படி, எப்போது என்று யோசித்துச் சொல்லுங்கள்.

*எப்போது நிபுணரிடம்:* வேலையோ படிப்போ கெடுகிறது, நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் தாங்க முடியவில்லை, பார்ப்பது வரவர மோசமாகிறது என்றால் மனநல மருத்துவரையோ பயிற்சி பெற்ற ஆலோசகரையோ பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சிறு பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதையாவது பார்க்கவோ செய்யவோ மனம் போகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், பிள்ளைகள் ஊழியத்திலிருந்து உடனே விலகுங்கள், மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தால் அதைச் சபைக்குள் பேசி முடிக்கிற உரிமை யாருக்கும் இல்லை. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் போடலாம்.

அறிகுறி: லெந்து முழுக்கக் குடியைத் தொடவில்லை, ஈஸ்டர் அன்று ஆரம்பித்துவிட்டேன்

லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள், ஞாயிறுகளைக் கழித்தால் 40. இத்தனை நாள் ஒரு சொட்டுத் தொடாதவர், அதிகாலை ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு மச்சான் ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். எங்கள் பக்கத்தில் இதை நான் பார்க்காத வருஷம் இல்லை.

லேசான காரணம், முடிவுத் தேதி. "ஈஸ்டர் வரைக்கும்" என்று பொருத்தனை பண்ணினால் மனசு ஈஸ்டரை எண்ணிக்கொண்டே இருக்கும். இதற்குச் சரிசெய்கை, ஈஸ்டருக்கு அடுத்த பத்து நாளை முன்கூட்டியே திட்டமிடுவது: அன்றைக்கு மத்தியானம் யார் வீட்டில், யார் பக்கத்தில், யார் வண்டியில்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. "46 நாள் இருந்துட்டேன், எனக்கு இது அடிமைத்தனம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, இனி அளவா எடுத்துக்கலாம்." இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். நாற்பது நாள் இருந்ததை விடுதலைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு, அந்தச் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக்குப் போகிறார்கள். இன்னொன்றும் உண்டு: இடைவெளிக்குப் பிறகு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவை ஒரே மூச்சில் குடித்தால் முன்பைவிட மோசமாக அடிக்கும். அந்த நிலையில் வண்டி எடுத்தவர்களின் அடக்க ஆராதனைக்கு நான் போயிருக்கிறேன்.

*சோதித்துப் பாருங்கள்:* இந்த 46 நாளில் குடியைப் பற்றி எத்தனை முறை நினைத்தீர்கள்? ஈஸ்டருக்கான பாட்டிலை முன்கூட்டியே வாங்கி வைத்தீர்களா? "இனிமே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அளவாக எடுக்கிற பேச்சே வேண்டாம்.

*கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டிய இடம், இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்:* தினமும் நிறையக் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறவர், ஒரு கூட்டத்தில் தொடப்பட்டு அன்றைக்கே முழுவதுமாக நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாதது தெரிவது, பிதற்றுவது, கடும் வியர்வை, காய்ச்சல் வரலாம். இதைப் பிசாசின் போராட்டம் என்று அறையில் பூட்டிவைத்து ஜெபித்த வீடுகள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஜெபித்துக்கொண்டே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள், மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள். போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446. அதற்குப் பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகச் சொல்கிறேன். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் ஊரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது அது, தமிழ்நாட்டில் பல ஊர்களில் கூடுகிறார்கள், கட்டணம் கிடையாது. பத்து வருஷம் குடிக்காதவரும் அங்கே எழுந்து "நான் ஒரு குடிநோயாளி" என்றுதான் பேச ஆரம்பிப்பார். "தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்" என்ற 1 கொரிந்தியர் 10:12ஐ அவரைப்போல் தினமும் கைக்கொள்கிறவர்களை ஆலயத்தில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

அறிகுறி: எனக்கு எந்த அறிகுறியும் இல்லை

இந்தத் தலைப்புக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும். போன் போடுகிறவர்கள் எப்படியாவது எழுந்துவிடுவார்கள், எனக்கு அவர்களைப் பற்றிப் பயம் குறைவு. போன் போடாத ஆள்தான் ஒரு நாள் மொத்தமாகச் சாய்கிறார். பாடகர் குழுத் தலைவர், ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர், கமிட்டி அங்கத்தினர், பதினெட்டு வருஷ ஊழியர்.

ராஜாவாகிய உசியாவை 2 நாளாகமம் 26இல் படியுங்கள். 16 வயதில் ராஜா, 52 வருஷம் ஆட்சி. கோபுரம் கட்டினான், துரவு வெட்டினான், விவசாயத்தை நேசித்தான், கர்த்தரைத் தேடின நாளெல்லாம் காரியம் வாய்த்தது. "அவன் பலப்பட்டபோது" என்று ஒரு வசனம் வருகிறது, அங்கேதான் மனம் மேட்டிமையாயிற்று. அவன் போன இடம் மதுக்கடையோ தாசி வீடோ அல்ல, ஆலயம். செய்யப்போனது தூபங்காட்டுதல். ஆசாரியனாகிய அசரியாவும் அவனோடே 80 ஆசாரியரும் எதிரே நின்று தடுத்தபோது அவனுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் நிற்கும்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றிற்று. சாகும்வரைக்கும் தனி வீட்டில் இருந்தான்.

அறிகுறி இல்லாதவர் தன்னைச் சோதிக்க, லேசானதிலிருந்து:

கடைசியாக எப்போது வீட்டில் "நான் செய்தது தப்பு, மன்னிச்சிரு" என்று சொன்னீர்கள்? தேதி ஞாபகம் வருகிறதா? பொத்தாம்பொதுவாக "எல்லாரும் பாவிகள்தானே" என்று சொன்னதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உங்களை யாராவது கேள்வி கேட்டால் முதலில் என்ன வருகிறது, யோசனையா கோபமா? உசியாவுக்கு 81 பேர் சொன்னார்கள். உங்களிடம் சொல்ல இன்று ஒருவராவது துணிவாரா? துணிய மாட்டார் என்றால் அந்தப் பயத்தை அவர்களுக்குள் வைத்தது யார்?

இன்னொருவர் விழுந்த செய்தி வந்தபோது உங்கள் மனசில் முதலில் எழுந்தது என்ன? "ச்சே, இவனா, நான்னா அப்படிச் செய்யவே மாட்டேன்" என்றால் மத்தேயு 26:33ஐ எடுத்துப் பாருங்கள். எல்லாரும் இடறலடைந்தாலும் நான் இடறலடையேன் என்று பேதுரு சொன்னது பொய் இல்லை. மனசாரச் சொன்னான். அதே ராத்திரி தோட்டத்தில் ஒரு மணி நேரம் விழித்திருக்க அவனால் முடியவில்லை. நான் கவனித்தவரை, அடுத்தவர் பாவத்தைப் பற்றி மேடையில் கடுமையாகப் பேசுவது திடீரென்று அதிகமானால், சில நேரம் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது. எப்போதும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் குரல் உயர்வதை நீங்களே கவனித்தால், நின்று ஏன் என்று கேளுங்கள்.

மற்றவர்களுக்கு வைத்த வேலியை எனக்கென்று மட்டும் தளர்த்தியிருக்கிறேனா? "வாலிபர்கள் தனியாகப் பேசக் கூடாது, நான் பேசலாம்." "காணிக்கை எண்ணும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், நான் தனியாக எண்ணலாம்." வேலி தாண்டின உடனே ஒன்றும் ஆகாது, அதனால்தான் தாண்டுகிறோம். பலசாலியாகிய சிம்சோன், தன்னைப் பிடித்துக்கொடுக்கப் பார்த்த தெலீலாளிடம் மூன்று தடவை விளையாடிவிட்டு மூன்று தடவையும் உதறிக்கொண்டு எழுந்தான். நான்காவது தடவையும் எப்போதும்போல உதறிப்போடலாம் என்று எழுந்தபோது, கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அவன் அறியவில்லை என்று நியாயாதிபதிகள் 16:20 சொல்கிறது.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதை எங்கே பயன்படுத்துகிறேன்? நம் வீட்டுச் சுவர்களில் 91ஆம் சங்கீதம் மாட்டியிருக்கிறோம், நல்லதுதான். ஆனால் ஆலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவை நிறுத்தி, தாழக்குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொன்னதும் அதே சங்கீதத்திலிருந்துதான். இயேசு குதிக்கவில்லை, கர்த்தரைப் பரீட்சை பாராதே என்றார். நீங்களாகப் போய் நிற்கிற விளிம்புக்கு அந்த வாக்குத்தத்தத்தைக் கேட்காதீர்கள்.

இதில் இரண்டு மூன்று இடத்தில் குத்தினால் சரிசெய்கை எளிது, ஆனால் விலை அதிகம்: பதவியில் உங்களுக்குக் கீழே இல்லாத, உங்களைப் புகழ வேண்டிய தேவை இல்லாத ஒருவரை, வேறு சேகரத்திலிருந்தாலும் சரி, மாதம் ஒரு முறை பாருங்கள். போனையும் பாஸ்புக்கையும் அவர் கேட்டால் காட்டுவேன் என்று சொல்லி வையுங்கள். எனக்கு அப்படி ஒரு அண்ணாச்சி இருக்கிறார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நாலு வருஷத்துக்கு முன்பு அவர் என்னிடம், "நீங்க சாட்சி சொல்லும்போது 'நான்' எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாத்தேன் தம்பி" என்றார். அவர் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அடுத்த ஒரு வருஷம் நான் மேடை ஏறவில்லை.

அறிகுறி: உதவி செய்யப் போன இடத்தில் நானே மாட்டிக்கொண்டேன்

கலாத்தியர் 6:1 விழுந்தவரைச் சீர்பொருந்தப்பண்ணச் சொல்லிவிட்டு, அதே வசனத்தில் "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு" என்று எச்சரிக்கிறது. முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

லேசான காரணம் நேரம், இடம். ராத்திரி மெசேஜில் ஆலோசனை சொல்லாதீர்கள். கணவரோடு பிரச்சினை என்று ஒரு சகோதரி எழுதினால், "அக்கா, நாளைக்கு ஐயரம்மாவோடு (குருவானவரின் மனைவி) சேர்ந்து பேசலாம்" என்று ஒரே வரியில் பதில் போடுங்கள். நண்பனை மீட்கப் பாருக்குள் போகாதீர்கள், வெளியே டீக்கடைக்கு வரச்சொல்லுங்கள், அதுவும் இரண்டு பேராகப் போங்கள்.

அதைத் தாண்டியும் மனசு ஒட்டிவிட்டது, அவர்கள் மெசேஜுக்காகக் காத்திருக்கிறேன், வீட்டில் மறைக்கிறேன் என்றால், "நான் விலகிட்டா அவங்க உடைஞ்சுபோவாங்க" என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தை நம்பாதீர்கள். இன்றைக்கே அவர்களை வேறு ஒருவரிடம், பெண் என்றால் ஒரு பெண்ணிடம், ஒப்படைத்துவிட்டு, காரணத்தைக் குருவானவரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள்.

அறிகுறி: பணத்தை எடுத்தேன், திரும்ப வைத்துவிடுவேன்

சங்கப் பணம், அசனப் பண்டிகை (சபை விருந்து) வசூல், கல்லறைத் தோட்டத்துக்கு வந்த நன்கொடை. "சம்பளம் வந்ததும் வச்சிடுவேன்." முதல் தடவை வைத்தும் விடுவார்கள், அதனால்தான் இரண்டாவது தடவை வருகிறது.

இன்றைக்கே எவ்வளவு என்று எழுதி, பொருளாளரிடமோ செயலாளரிடமோ நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். சாவியையும் ரசீதுப் புத்தகத்தையும் கொடுத்துவிடுங்கள். ஆடிட்டில் தெரிவதற்கு முன்பு சொல்வதும் பின்பு சொல்வதும் ஒன்றல்ல. பணம் போன இடம் ரம்மி, பந்தயம் என்றால் ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது. 2025இல் மத்திய அரசு பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது, ஆனால் ஆடுகிற கை வேறு வழி தேடும். ஏ.டி.எம் கார்டை மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டுக் கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதி அவர்கள் முன்பு வையுங்கள். விட்ட பணத்தை ஆடிப் பிடித்துவிடலாம் என்று இன்னும் தோன்றுகிறது என்றால் 14416க்குப் பேசுங்கள், இதற்கும் சிகிச்சை உண்டு.

அறிகுறி: விழுந்துவிட்டேன், ஆலயத்துக்கு வர முகம் இல்லை

முதலில் ஒன்றைக் கேட்கிறேன், நேராகவே கேட்கிறேன்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? தோன்றினால் மற்ற எதையும் இப்போது சரிசெய்ய வேண்டாம். தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் அந்த வார்த்தையையே சொல்லுங்கள், 14416க்குப் போன் போடுங்கள் அல்லது அருகில் உள்ள மருத்துவமனைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவர், தயவுசெய்து வசனம் சொல்ல ஆரம்பிக்காமல் அவரோடு உட்கார்ந்திருங்கள்.

அது இல்லை, வெட்கம்தான் என்றால், அந்த வெட்கம் எந்தப் பக்கமாக இழுக்கிறது என்று பாருங்கள். யாரும் பார்க்காத இடத்துக்கு இழுக்கிறதா? அங்கே போனால் நாளைக்கே மறுபடி விழுவீர்கள், ஏனென்றால் விழுந்த இடமும் அதே தனிமைதான். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பிறகு பேதுரு மனங்கசந்து அழுதான், ஆனாலும் மற்றச் சீஷர்களை விட்டுத் தூரமாகப் போய்விடவில்லை. மீன் பிடிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோதும் ஆறு பேர் கூடவே இருந்தார்கள். யோவான் 18இல் அவன் குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்தது கரிநெருப்பின் பக்கத்தில். 21ஆம் அதிகாரத்தில் கரையில் இறங்கியபோது இயேசு போட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி வந்தது. "இவர்களிலும் அதிகமாய்" நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று கேட்டார். இந்தத் தடவை பேதுரு மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பேசவே இல்லை. "உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்" என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

செய்ய வேண்டியது: நடந்ததை ஒருவரிடம் முழுவதுமாகச் சொல்லுங்கள், பாதி அல்ல. யாருக்கு நஷ்டம் செய்தீர்களோ அதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பியுங்கள். ஊழியப் பொறுப்பு இருந்தால் நீங்களாகவே விலகி நில்லுங்கள், திரும்ப எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். மேலே உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்குப் போய், போனை வெளியே வைக்கிற மாதிரி லேசானதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக வரப் பார்க்காதீர்கள், வாசல் வரை வந்து திரும்பிவிடுவீர்கள். சனிக்கிழமை ராத்திரியே ஒருவரிடம், "காலையில எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க, வரமாட்டேன்னு சொன்னாலும் விடாதீங்க" என்று சொல்லி வையுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி.